பகலில் மூச்சடக்கும் பூ

சுவிட்சர்லாந்து என்றதும் பச்சைப் புல்வெளியும் கழுத்தில் மணி கட்டிய மாடுகளும்தான் நமக்கு நினைவுக்கு வரும். சினிமாப் பாட்டுகள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. விஸ்ப் பள்ளத்தாக்குக்கு வேறு முகம். பெர்னிலிருந்து புறப்படும் ரயில் லோட்ஷ்பெர்க் மலைக்கு அடியில், 34 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான சுரங்கத்தில் புகுந்து மறுபக்கம் வெளியேறும்போது வெளிச்சமே மாறிவிடுகிறது. சரிவுகளில் புல் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கிறது. நடுநடுவே வெறும் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. ஜூலை மாத மதியத்தில் அந்தப் பாறையின் அனல் முகத்தில் அடிக்கிறது.

விஸ்ப் இருக்கும் வாலே மாநிலம் மழைமறைவில் இருக்கிறது. வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே பென்னைன் ஆல்ப்ஸ். இரண்டிலும் 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. மேகம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வெளிப்பக்கச் சரிவிலேயே பெய்து தீர்த்துவிடுகிறது. விஸ்ப்புக்குத் தெற்கே உள்ள ஸ்டால்டன் சுற்றுவட்டாரம் நாட்டிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 550 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. அதனால் இங்கே உழவர்கள் நடுக்காலத்திலிருந்தே பனியாற்று நீரை மலைச்சரிவு வழியாக வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் வெட்ட இடமில்லாத செங்குத்துப் பாறைகளில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு நீரை நடத்தினார்கள். அந்த வேலையில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. விஸ்பெர்டெர்மினன் ஊரின் திராட்சைத் தோட்டங்கள் 1,150 மீட்டர் உயரம் வரை படி படியாக ஏறுகின்றன. ஒவ்வொரு படியையும் தாங்குவது சாந்து பூசாமல் கல்லோடு கல் அடுக்கிய சுவர்.

அந்தச் சுவர்களில்தான் என் பயணம் தொடங்கியது என்று சொல்லலாம். கல் இடுக்குகளில் வெள்ளைப் பூச்செடம் படர்ந்திருந்தது. அரிசி மணியளவு தடித்த இலைகள், மேலே வெள்ளைப் பூக்கள். மண் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. இந்தச் செடத்தின் உறவுக்காரச் செடி ஒன்றை அதன் சொந்தப் பாறையில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிலந்திவலைச் செம்பர்விவம் என்று அதைச் சொல்லலாம். ஆல்ப்ஸிலும் அபெனைன் மலைகளிலும் பிரனீஸிலும் பாறை முகங்களில் பாய் விரித்து வளரும் சதைப்பற்றுச் செடி. லின்னேயஸ் 1753-இல் அதற்கு முறைப்படி பெயர் கொடுத்தார். மாட்டர்ஹார்ன் மலையைக் காண உலகமே ஏறும் அந்தச் சிவப்பு ரயிலில் நான் ஏறியது இந்தச் செடிக்காக.

ஸ்டால்டனை நெருங்கும்போது வண்டிக்கு அடியில் கடகடவென்று சத்தம் எழுந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த இரும்புப் பல்வரிசையைப் பற்சக்கரம் கவ்வுகிற ஒலி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் போனவர்களுக்கு இது பழகிய ஒலி. இரண்டிலும் ஒரே ஆப்ட் முறைதான். விஸ்ப்–ஸெர்மாட் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல். நீலகிரி ரயிலின் புகழ்பெற்ற எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான். ஜன்னலுக்கு வெளியே பனியாறு கரைத்த மாவு கலந்து சாம்பல் வெள்ளையாக ஓடும் விஸ்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லாறு தாண்டி ஏறும் அந்த வண்டியின் மூச்சிரைப்பு காதுக்குள் கேட்டது.

ராண்டா ஊரருகே வலப்பக்க மலை பிளந்து கிடக்கிறது. 1991 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரு தவணையாக ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர் பாறை அங்கிருந்து சரிந்தது. ரயில் பாதையும் சாலையும் புதைந்தன, ஆறு மறிக்கப்பட்டது. மனித உயிர் எதுவும் போகவில்லை என்பது பெரிய ஆறுதல். பாறை என்பது நிலையானது என்ற நம் எண்ணத்தை அந்தச் சரிவு கலைத்துவிடுகிறது. மலை எப்போதும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய முகம் வெளிப்படுகிறது. அங்கே மண்ணும் இல்லை, நிழலும் இல்லை, நீரைப் பிடித்து வைக்க ஒரு பிடி மக்கும் இல்லை. அப்படிப்பட்ட முகங்களை நம்பி வாழும் செடிகளைத் தேடித்தான் போகிறோம் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஸெர்மாட் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெட்ரோல் கார்கள் நுழையாத ஊர், மின்வண்டிகள், கடிகாரக் கடைகள், கூட்டம். நான் நேராக கோர்னர்கிராட் ரயிலில் ஏறினேன். 1898 முதல் மின்சாரத்தில் ஓடுகிற மலை ரயில் இது. 3,089 மீட்டர் வரை போகும். கடைசி நிலையம் வரை போகாமல் 2,211 மீட்டரில் ரிஃபெல்ஆல்ப் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரிஃபெல்பெர்க் நோக்கி நடந்தேன். செடியைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் போகக் கூடாது, நடக்க வேண்டும்.

தொடக்கத்தில் லார்ச் மரங்களும் ஆரோலா பைன்களும் உடன் வந்தன. கொஞ்சம் ஏறியதும் அவை குட்டையாகி, தனித்தனியாகி, நின்றுபோயின. பிறகு புல்லும் பாறையும்தான். இந்தப் பாறைகள் கருமையும் பச்சையும் கலந்தவை, தொட்டால் சில இடங்களில் சோப்பைப் போல வழுக்கும். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே முன்னொரு காலத்தில் இருந்த கடலின் தரை இது. கண்டங்கள் நெருங்கியபோது ஆழத்துக்குள் அமிழ்ந்து, வெந்து, உருமாறி, மீண்டும் மேலே தள்ளப்பட்டு இன்று 2,500 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது. கடலின் அடித்தரையில் காலூன்றி மலையேறுகிறோம் என்ற நினைப்பில் நடை தானாகவே மெதுவானது.

தெற்கு நோக்கிய ஒரு பாறைத் திருப்பத்தில் அது இருந்தது.

முதலில் பாறையில் யாரோ பஞ்சைத் துண்டு துண்டாக ஒட்டி வைத்ததாகத் தோன்றியது. கிட்டப் போய் மண்டியிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் இலைக்கொத்து. தடித்த சிறு இலைகள் சுற்றுச் சுற்றாக அடுக்கிய வட்டம். ஓர் இலை நுனியிலிருந்து அடுத்த இலை நுனிக்கு, அதிலிருந்து எதிர்ப்பக்க நுனிக்கு என்று வெள்ளை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சிலந்தி பின்னிய வலை என்று யாரும் நம்பிவிடுவார்கள். இழைகள் செடியினுடையவை. இலை நுனி மயிர்கள் மொட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. இலை விரியும்போது அவையும் நீண்டு வலையாகின்றன. திறந்த வெயிலில் வளரும் கொத்துகளில் வலை அடர்த்தி, அடியிலுள்ள பச்சையே தெரியவில்லை. அதே பாறையில் ஒரு மறைப்புக்குக் கீழே நிழலில் இருந்தவற்றில் இழைகள் அரிதாகி, பச்சை துலங்கித் தெரிந்தது. ஒரே செடி இரண்டடி தள்ளி வெயிலுக்கு ஏற்பத் தன் போர்வையைத் தடிமனாக்கியும் மெலிதாக்கியும் கொள்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

இப்படிப்பட்ட கொத்துகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு பாறையின் முகத்தில் பாயாகப் படர்ந்திருந்தன. இரண்டு கை அகலத்துக்கு ஒரு பாய், அதைத் தாண்டி வெறும் கல், மீண்டும் ஒரு பாய். ஒவ்வொரு கொத்தும் பக்கவாட்டில் மெல்லிய தண்டுகளை நீட்டி நுனியில் குஞ்சுகளை உருவாக்குகிறது. குஞ்சு வேர் பிடித்ததும் தாயின் தண்டு காய்ந்துவிடும். வெளியோரக் குஞ்சுகள் சில கழன்று உருண்டு கீழேயுள்ள இடுக்கில் தங்கி அங்கே புதிய பாயைத் தொடங்குகின்றன. ஓரத்தை மெல்ல விரலால் தூக்கிப் பார்த்தேன். அடியில் கறுத்த, மெத்தென்ற ஒரு படலம் இருந்தது. ஆண்டாண்டாக உதிர்ந்த தன் இலைகள், காற்று கொண்டுவந்த தூசு, பாறையே உதிர்த்த துகள். மண்ணில்லாத இடத்தில் தனக்கு வேண்டிய மண்ணைச் செடியே சேர்த்துவைத்திருந்தது. மொத்தத் தடிமன் என் விரல் நகத்தளவுகூட இல்லை. தூக்கிய ஓரத்தை அப்படியே அமர்த்தி வைத்தேன்.

பாயின் நடுவே சில கொத்துகள் மட்டும் மேலெழும்பி, விரலளவு தண்டு விட்டுப் பூத்திருந்தன. நட்சத்திரமாக விரிந்த இளஞ்சிவப்புப் பூக்கள். இதழ் எட்டுக்குக் குறையாது. ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஆழ்ந்த நிறத்தில் ஒரு கோடு. மங்கிய பாறையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் மனம் அப்படிக் குளிர்ந்தது. ஆனால் பூத்த கொத்துக்கு அதுதான் கடைசி. பல ஆண்டுகள் சேர்த்த சத்தையெல்லாம் ஒரு கோடையில் பூவாக்கி, விதையாக்கி, காய்ந்துவிடும். நம் மலைகளின் குறிஞ்சியும் கோயில் தோப்புகளில் அரிதாக நிற்கும் தாளிப்பனையும் இந்த வழியில் வாழ்பவைதான். வித்தியாசம் என்னவென்றால், செம்பர்விவத்தின் ஒரு கொத்து இறக்கும்போது அது பெற்ற குஞ்சுகள் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும். பாயில் ஒரு சிறு ஓட்டை விழும். அடுத்த கோடையில் அது மூடிவிடும். எது ஒரு செடி, எது ஒரு கூட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியாத வாழ்க்கை இது.

மதியம் ஒரு மணிக்கு அந்தப் பாறையில் உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை. காற்று குளிர்ந்துதான் இருந்தது, நான் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன், பாறையோ தகித்தது. உயரமான இடத்து வெயிலின் குணம் அது. காற்று மெலிந்திருப்பதால் கதிர் கூர்மையாக இறங்குகிறது, தரையோடு ஒட்டிய செடிக்குக் காற்றின் குளுமை கிடைப்பதில்லை. ஆல்ப்ஸில் வளரும் செம்பர்விவங்களின் இலை வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இரவில் அதே இடம் உறைநிலையைத் தொடலாம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடும். செங்குத்து முகங்களிலோ காற்று பனியையும் வழித்துவிட, செடி மறைப்பே இல்லாமல் நிற்கும்.

இந்த வெயிலில் ஓர் இலை செய்ய வேண்டிய வேலையை நினைத்துப் பாருங்கள். உணவு சமைக்கக் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகப் போய்விடும். மண்ணே இல்லாத பாறையில், 50 டிகிரி வெப்பத்தில், போன நீருக்கு ஈடு கிடையாது. மூடிவைத்தால் பட்டினி, திறந்தால் தாகம்.

செம்பர்விவம் இந்தச் சிக்கலை நேரத்தை மாற்றித் தீர்த்துக்கொள்கிறது. அதன் இலைத்துளைகள் திறப்பது இரவில். குளிர்ந்த, ஈரம் மிகுந்த இருட்டில் கரியமில வாயுவை உள்ளே வாங்கி, அதை மாலிக் அமிலமாக்கி, இலையின் செல்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் நிரப்பிவைக்கிறது. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். வெயில் ஏறியதும் துளைகளை மூடிக்கொண்டு, சேர்த்துவைத்த அமிலத்தை உடைத்து, அதிலிருந்து வெளிப்படும் வாயுவை மூடிய இலைக்குள்ளேயே வெளிச்சத்தின் துணையோடு சர்க்கரையாக்குகிறது. கோயம்பேட்டில் இரவோடு இரவாகச் சரக்கை இறக்கிக்கொண்டு, பகலில் வாசலைச் சாத்தியபடி உள்ளே வேலை பார்ப்பது போன்ற ஏற்பாடு. இதனால் நீர்ச் செலவு வெகுவாகக் குறைகிறது. நீர்ப்பையின் கொள்ளளவுதான் ஒரு நாள் வரவுக்கு எல்லை என்பதால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். தடித்த இலை வெறும் தண்ணீர்த் தொட்டி என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அது இரவில் நிரம்பிப் பகலில் காலியாகும் அமிலக் கிடங்கும்கூட.

இந்த இரகசியம் வெளிப்பட்ட கதைக்காகவே நான் இந்தப் பாறையருகே அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் ஒரு முனை இந்த ஆல்ப்ஸில் இருக்கிறது, மறுமுனை நம் பக்கம்.

ஜெனீவாவின் ஹொராஸ் பெனடிக்ட் தெ சோசூர் 1787-இல் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறியவர். 1792-இல் இங்கே, ஸெர்மாட்டுக்கு மேலே தியோடுல் கணவாயில் நின்று மாட்டர்ஹார்னின் உயரத்தைக் கணக்கிட்டவரும் அவர்தான். அவருடைய மகன் நிக்கோலா தெயோதோர் தந்தையோடு மலைகளில் அலைந்து, காற்றின் எடையையும் தன்மையையும் அளக்கக் கற்றுக்கொண்டு, பிறகு அந்த அளவைக் கலையைச் செடிகளின் பக்கம் திருப்பினார். 1804-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு விநோதம் பதிவாகியிருக்கிறது. மற்றச் செடிகள் இருட்டில் கரியமில வாயுவை வெளியேற்றும்போது, சப்பாத்திக்கள்ளி மட்டும் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. காரணம் அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை.

மறுமுனையில் இருப்பவர் பெஞ்சமின் ஹைன். ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்து, மொராவியச் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். தரங்கம்பாடி அப்போது டேனியர்களின் துறைமுகம். அங்கிருந்த பாதிரிமார்களும் மருத்துவர்களும் சோழமண்டலக் கரையின் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஹைன் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து மதறாஸ் மாகாணத்தின் தாவரவியலாளராக வேலை பார்த்தார். சாமல்கோட்டைத் தோட்டமும் பெங்களூர் லால்பாக்கும் அவர் கையில் இருந்தன. அவர் ரணகள்ளி இலையை வாயில் போட்டு மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் இலேசான கசப்பு. ஒரே செடி, ஒரே இலை, ஒரே நாள். இதை லண்டன் லின்னேயன் சங்கத்தின் துணைத் தலைவர் லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1813-இல் சங்கத்தில் வாசிக்கப்பட்ட அந்தக் கடிதம் 1815-இல் அச்சானது.

ரணகள்ளியும் செம்பர்விவமும் ஒரே தாவரக் குடும்பம். இரவில் அமிலம் சேர்க்கும் இந்த வழிமுறைக்கு இருபதாம் நூற்றாண்டில் கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர் வைத்தபோது அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அன்னாசியிலும் கத்தாழையிலும் கள்ளிகளிலும் நடப்பது இதுவே. சோசூரின் மகன் தராசையும் கண்ணாடிக் குடுவையையும் வைத்துக் கண்டதும், ஹைன் தன் நாக்கை மட்டும் வைத்துக் கண்டதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள் என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆய்வகம் இல்லாத ஒருவர், வேளைக்கு வேளை இலையை மென்று பார்க்க வேண்டும் என்று நினைத்தாரே, அந்தக் கவனத்தின் மேல் எனக்குத் தீராத மதிப்பு. தரங்கம்பாடிக்கு இனிப் போகும்போது கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளலாம்.

ரிஃபெல்பெர்க்கைத் தாண்டி ஏற ஏற வேறு செம்பர்விவங்கள் தலைகாட்டின. வலையில்லாமல், இலை முழுதும் பிசுக்கான குறுமயிரோடு ஒரு மலைச் செம்பர்விவம். பெரிய கொத்தும் மஞ்சள் பூவுமாக, கசக்கினால் குங்கிலிய வாசம் அடிக்கும் இன்னொன்று. வாலேயின் தெற்குப் பள்ளத்தாக்குகளிலும் எல்லைக்கு அப்பால் இத்தாலியின் ஆவொஸ்தாவிலும்தான் அது முக்கியமாக வளர்கிறது. இவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். ஒரு பாறையில் வலைச் செம்பர்விவமும் மலைச் செம்பர்விவமும் அடுத்தடுத்து இருக்க, இரண்டுக்கும் நடுவே அரைகுறை வலையோடு கலப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. ஒரு கொத்தின் இலைகள் மட்டும் வெளிறி, அளவுக்கு மீறி நீண்டு விறைத்து நின்றன. என்டோஃபில்லம் என்னும் துருப்பூஞ்சை உள்ளே குடியிருப்பதன் அடையாளம். இவ்வளவு கடுமையான இடத்தில் வாழும் செடிக்கும் நோய் உண்டு, ஒட்டுண்ணி உண்டு, விருந்தாளியும் உண்டு.

விருந்தாளி அப்போலோ வண்ணத்துப்பூச்சி. பால் வெள்ளைச் சிறகு, பின்சிறகில் கறுப்பு வளையத்துக்குள் இரத்தச் சிவப்புப் புள்ளிகள். அதன் புழு, கறுப்பு உடலில் ஆரஞ்சுப் பொட்டுகளோடு, கீழே திராட்சைச் சுவரில் நான் பார்த்த வெள்ளைப் பூச்செடத்தைத் தின்று வளர்கிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து மறைந்துபோன இந்தப் பூச்சி வாலேயில் இன்னும் தாராளமாகப் பறக்கிறது. சுவரைச் சிமெண்ட் பூசி மூடினால் செடம் போகும். செடம் போனால் அப்போலோ போகும். வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்றுவது சுவரைச் சாந்தில்லாமல் விடுவதில் தொடங்குகிறது என்பதை இங்கே வருகிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஓரிடத்தில் பாயின் ஓரத்தை யாரோ பிய்த்தெடுத்திருந்தார்கள். உரிந்த இடத்தில் கல் பளிச்சென்று இருந்தது. தோட்டத்தில் வைக்க ஆசைப்பட்டிருக்கலாம். பெயரிட்டு விற்கும் செம்பர்விவ வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஐரோப்பாவில் எந்த நாற்றுப் பண்ணையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அப்படியிருக்கப் பாறையிலிருந்து எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு கையளவு பாயைத் தாங்க வேண்டிய அந்த மெல்லிய கறுப்புப் படலத்தை மீண்டும் சேர்க்க எத்தனை கோடைகள் ஆகுமோ. எனக்கு அந்த வெற்றிடத்தைப் பார்க்க வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது. ரிஃபெல்ஸே ஏரிக்கரையில் மாட்டர்ஹார்னின் பிம்பத்தைப் படமெடுக்கக் கூட்டம் நின்றது. நான் கீழே கோர்னர் பனியாற்றைப் பார்த்தேன். பழைய படங்களில் அகன்று கிடக்கும் பனிநாக்கு இன்று வெகுதூரம் பின்வாங்கி, இருபுறமும் சாம்பல் நிறக் கல்லை விட்டுவைத்திருக்கிறது. ஆல்ப்ஸ் சிகரங்களில் செடிகள் மேலே மேலே ஏறிவருவதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு உறுதி செய்திருக்கிறார்கள். வெப்பத்தைத் தாங்கத் தெரிந்த செம்பர்விவத்துக்கு இந்தக் காலம் மற்றவற்றைவிடக் குறைவான ஆபத்தாக இருக்கலாம் என்று நம்பிக்கொள்கிறேன்.

மாலையில் ஸெர்மாட்டின் பழைய தெருவான ஹிண்டர்டோர்ஃபில் நடந்தேன். எலி ஏறாதபடி வட்டக் கற்களின் மேல் தூக்கிக் கட்டிய தானியக் களஞ்சியங்கள், கற்பலகை வேய்ந்த கூரைகள். ஒரு கூரை விளிம்பில் பெரிய வகைச் செம்பர்விவம் உட்கார்ந்திருந்தது. அது வீட்டில் இருந்தால் இடி விழாது என்பது ஐரோப்பாவின் மிகப் பழைய நம்பிக்கை. பேரரசன் ஷார்லமேன் காலத்தில், ஏறத்தாழ 800-ஆம் ஆண்டு, அரச பண்ணைகளுக்கு விதித்த ஆணையில் தோட்டக்காரர் தம் வீட்டின் மேல் இந்தச் செடியை வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இலைச் சாற்றைத் தீப்புண்ணுக்கும் காதுவலிக்கும் விட்டார்கள். கூரையும் பாறைதானே, அதனால் செடி மறுப்பேதும் சொல்லாமல் தங்கிவிட்டது.

இரவு விஸ்ப்பில் நண்பரின் அம்மா வீட்டில் தங்கினேன். 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நண்பரின் அப்பா உணவக அடுக்களைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையற்காரராக ஓய்வு பெற்றவர். புட்டும் மீன்குழம்பும் பரிமாறிக்கொண்டே அம்மா நான் மலையில் பார்த்ததை விசாரித்தார். படத்தைக் காட்டியதும் எழுந்து பால்கனிக்குக் கூட்டிப்போனார். மண்சட்டியில் அதே வலைச் செம்பர்விவம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. அதற்கு அருகே இன்னொரு சட்டியில் ரணகள்ளி.

"இது ஊர்ச் சாமான் தம்பி. இலையைப் புத்தகத்துக்கை வைச்சு முளைக்கப் பண்ணுவம், சின்னனிலை. இஞ்சை ஒரு தமிழ்க்கடையிலை கண்டு வாங்கினனான். குளிருக்கு உள்ளுக்கை எடுத்து வைச்சிடுவன்."

"இரண்டும் ஒரே குடும்பம் அம்மா."

"இதுவும் அதுவுமோ?" என்று இரண்டு சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஹைன் செய்ததைச் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. விடிவதற்குள் எழுந்து தேநீர்கூடப் போடாமல் என்னை எழுப்பினார். ரணகள்ளியில் ஓர் இலையின் ஓரத்தையும், செம்பர்விவத்தின் வெளிச்சுற்றில் ஒரு சிற்றிலையையும் கிள்ளி ஆளுக்குக் கொஞ்சமாக நாக்கில் வைத்தோம். இரண்டுமே புளித்தன. ரணகள்ளி பற்கூசும் அளவுக்கு.

"புளியாரை மாதிரியெல்லோ கிடக்கு!"

பகலில் நான் விஸ்பெர்டெர்மினன் சுவர்களை மீண்டும் பார்த்துவிட்டு வந்தேன். பிற்பகல் நான்கு மணிக்கு, வெயில் பால்கனியில் நன்றாக விழுந்து தணிந்த பிறகு, மறுபடியும் கிள்ளினோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றார்.

"புளிப்புப் போட்டுது தம்பி. வெறும் பச்சைத் தண்ணி. இண்டைக்குப் பின்னேரம் பேத்தி வருவாள், அவளுக்கும் குடுத்துக் காட்ட வேணும்."

"இப்போது கொடுத்தால் புளிப்புத் தெரியாது அம்மா. இரவு இங்கேயே தங்கினால் காலையில் காட்டலாம்."

"அப்ப நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகனைக் கூப்பிட்டு, பிள்ளையின் இரவு உடுப்பையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.